பனங்கூடலுக்குள் வெளிச்சம்: அடிக்கடி கேட்கிற கேள்விகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடமராட்சியில் ஒரு வளவின் பின்பக்கத்துப் பனங்கூடலுக்குள் நாங்கள் ஏழு பேர் சேர்ந்து ஒளிச்சிற்பங்கள் வைத்திருக்கிறோம். கிட்டத்தட்ட 300 மீற்றர் ஒற்றையடிப் பாதை, பதினான்கு சிற்பங்கள். மாசி, பங்குனி இரண்டு மாதமும் வெள்ளி, சனி, ஞாயிறு இரவுகளில் திறந்திருக்கும். முதல் இரண்டு கிழமையும் படலையடியில் நின்று ஒரே கேள்விகளுக்குத் திரும்பத் திரும்பப் பதில் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. அதனால்தான் எழுதி வைக்கிறோம்.

இது கண்காட்சியா, கார்ணிவலா?

இரண்டும் இல்லை. மேடை இல்லை, பாட்டு இல்லை, கடை இல்லை. ஒழுங்கை முகப்பில் நிற்கிற ஐஸ்கிறீம் வான் எங்கள் ஏற்பாடு அல்ல. பாட்டை நிற்பாட்டச் சொல்லிக் கேட்டோம், அண்ணை சத்தத்தைப் பாதியாகக் குறைத்திருக்கிறார்.

சிற்பம் என்றால் பீடத்தில் ஏறி நிற்கும், நாங்கள் சுற்றிவந்து பார்ப்போம். இங்கே சிற்பத்துக்குள் நீங்கள் போக வேண்டும். சிலதைக் குனிந்து தாண்ட வேண்டும், ஒன்றைக் கயிறு பிடித்து இறக்க வேண்டும்.

உள்ளே என்னென்ன இருக்கிறது?

எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் வந்து என்ன பார்ப்பீர்கள்? நாலை மட்டும் சொல்கிறோம்.

முதலில் வருவது திருக்கை மீன். இரண்டு பனைகளுக்கு நடுவில், தலைக்கு மேல் ஒரு முழ உயரத்தில், நாலு மீற்றருக்குச் சிறகு விரித்துத் தங்கூசி நூலில் தொங்குகிறது. உடம்பு முழுக்கப் பனையோலை, வால் ஈர்க்கில் பின்னியது. வயிற்றுக்குள் இருக்கிற விளக்கு எட்டு விநாடியில் கூடி, எட்டு விநாடியில் குறையும். அப்போது ஓலையின் மடிப்பு வரிகள் செட்டை நரம்புபோல ஒவ்வொன்றாகத் தெரிந்து மறையும். சிறகு நுனி அசைவதற்கு மோட்டர் பூட்டியிருக்கிறீர்களா என்று கேட்கிறார்கள். இல்லை, அது கடற்காற்றின் வேலை. பக்கத்து வீட்டு ஆச்சி முதல் நாள் வந்து நிமிர்ந்து பார்த்துவிட்டு, "உது பத்து வீட்டுக்கு வறைக்குக் காணும்" என்றார். இதுவரை வந்த விமர்சனங்களில் எங்களுக்குப் பிடித்தது அதுதான்.

அடுத்தது ஊமல். மார்கழி, தை, மாசி பனங்கிழங்கு கிண்டுகிற காலம். கிழங்கை எடுத்து, கொட்டையை வெட்டி, உள்ளே இருக்கிற பருப்பான பூரானைத் தின்றபிறகு மிஞ்சுகிற கோதுக்குத்தான் ஊமல் என்று பெயர். வழக்கமாக அடுப்புக்குப் போகும், அல்லது கரியாகும். நாங்கள் அந்தப் பாதிக் கோதுகளில் 600 சேர்த்து, ஒவ்வொன்றின் குழிக்குள்ளும் ஒரு அரிசி அளவு விளக்கு வைத்து, முழங்கால் உயரத்தில் தொங்கவிட்டிருக்கிறோம். குழி முழுக்க மஞ்சள் நிறையும். கோதின் விளிம்பில் ஒட்டிநிற்கிற தும்பு மட்டும் பொன்மயிர்போல மினுங்கும்.

பன்னாடையால் ஒரு குகை. பனை மட்டையின் அடியில் இருக்கிற வலைபோன்ற நார்தான் பன்னாடை. ஊரில் 'பன்னாடை' என்பது திட்டு. கள் வடிக்கிறபோது நல்லதைக் கீழே விட்டுக் கசடைப் பிடித்து வைத்துக்கொள்வதால் வந்த பெயர். ஆனால் அதற்குப் பின்னால் ஒரு விளக்கைப் பிடித்துப் பாருங்கள். அவ்வளவு நுணுக்கமான நெசவை எந்தத் தறியிலும் நான் கண்டதில்லை. குகைக்குள் நிற்கும்போது அந்தப் பின்னல் நிழல் உங்கள் கையிலும் சட்டையிலும் ஏறும்.

கடைசியில் கிணறு. பழைய துலா ஒன்று இன்னும் நிற்கிறது. வாளிக்குப் பதிலாக ஒரு விளக்கு. கயிறைப் பிடித்து மெல்ல இறக்கினால், கீழே தண்ணீருக்குள் இருந்து இன்னொரு விளக்கு அதைச் சந்திக்க மேலே வரும். இரண்டும் தொடுகிற நேரத்தில் கயிறை நிற்பாட்டுங்கள். அவசரப்பட்டு முக்கினால் விளக்குக்கு ஒன்றும் ஆகாது, தண்ணீர் கலங்கி அடுத்த ஆள் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டி வரும், அவ்வளவுதான்.

ஏன் இவ்வளவு இருட்டு? இன்னும் நாலு லைற் போட்டால் என்ன?

இந்தக் கேள்விக்குத்தான் அதிகம் பதில் சொல்லியிருக்கிறோம். ஒருவர் தன் வீட்டிலிருந்து இரண்டு ஃபிளட் லைற் கொண்டுவந்து தரவும் முன்வந்தார். நன்றி, வேண்டாம்.

கண்ணுக்குள் இரண்டு வகைக் கலங்கள் இருக்கின்றன. பகல் வெளிச்சத்துக்கும் நிறத்துக்கும் கூம்புக் கலங்கள். மங்கல் வெளிச்சத்துக்குக் கோல் கலங்கள். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு வந்தால் கூம்புகள் பத்து நிமிடத்துக்குள் தங்களால் ஆனதைச் செய்துவிடும். கோல்கள் முழுதாக விழித்துக்கொள்ள இருபது, முப்பது நிமிடம் பிடிக்கும், ஏனென்றால் வெளிச்சத்தில் வெளுத்துப்போன நிறப்பொருள் அவற்றுக்குள் திரும்ப ஊற வேண்டும். அந்தப் பொருளுக்கு விற்றமின் ஏ தேவை. முருங்கையிலை தின்னச் சொல்லி அம்மாமார் நின்றதற்குக் காரணம் அதுதான், அது குறைந்தால் வருவதுதான் மாலைக்கண்.

ஆகவே பாதையின் முதல் நூறு மீற்றரில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. தரையில் ஆங்காங்கே சிவப்புப் பொட்டுகள் மட்டும், கோல் கலங்களைச் சிவப்பு அவ்வளவாகக் குழப்பாது என்பதால். "உள்ளுக்கு ஒண்டும் இல்லையே" என்று அந்த இடத்தில் திரும்பிப் போனவர்களும் இருக்கிறார்கள். போகாதீர்கள். அந்த நூறு மீற்றரில்தான் உங்கள் கண் தயாராகத் தொடங்குகிறது. ஊமல் தோட்டத்தில் இருக்கிற ஒவ்வொரு விளக்கும் பகலில் எரிகிறதா என்று கையால் மறைத்துத்தான் பார்க்க வேண்டும், அவ்வளவு மங்கல். இருட்டில் நின்றபிறகு அதே விளக்கு ஒரு ஊரையே காட்டும். வெளிச்சத்தைக் கூட்டினால் சிற்பம் பெரிதாகாது, சுற்றியிருக்கிற பனங்கூடல் காணாமல் போய்விடும். நாங்கள் செலவழித்து வாங்காத பொருள் இந்த இருட்டு ஒன்றுதான், ஆனால் அதைக் காப்பாற்றத்தான் ஆகப் பெரிய பாடு.

எத்தனை மணிக்கு வரலாம்?

ஆறரையோடு பொழுது பட்டுவிடும். ஏழரைக்குத் திறந்து பத்தரைக்குப் பூட்டுகிறோம். ஒன்பதுக்குப் பிறகு கூட்டம் குறைவு. பூரணையை ஒட்டிய இரண்டு மூன்று நாள் திறப்பதில்லை. நிலவோடு போட்டி போட எங்களுக்குக் கட்டாது.

ரிக்கற் உண்டா?

இல்லை. வெளியே வரும் இடத்தில் ஒரு உண்டியல் இருக்கிறது. பற்றரி பழுதானால் அதிலிருந்துதான்.

இதுக்காகப் பனை வெட்டினீர்களா?

ஒன்றும் வெட்டவில்லை. பனை தறிக்க அனுமதி எடுக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும், அனுமதி கிடைத்தாலும் வெட்டியிருக்க மாட்டோம். காவோலை தானாக விழும், பன்னாடை மரத்தடியில் கிடக்கும், ஊமல் குப்பையில் கிடக்கும். திருக்கைக்கு மட்டும் இளம் ஓலை வேண்டியிருந்தது. முற்றிய ஓலை விளக்கை மறைத்துவிடும், குருத்தோலைதான் வெளிச்சத்தைத் தேன் நிறத்தில் வெளியே விடும். வடலிகளில் மரத்துக்கு ஒன்று மட்டும் எடுத்தோம்.

எங்களோடு வேலை செய்தவர் நாற்பது வருடம் கள்ளுச் சீவல் தொழில் செய்த ஐயா ஒருவர். ஓலையைப் பகலில் வளைக்காதே, இரவு பனியில் போட்டுவிட்டு விடியமுதல் வளை என்று அவர்தான் சொல்லித் தந்தார். அதற்கு முன்னர் நாங்கள் நடுமத்தியானத்தில் வளைத்து நொறுக்கிய ஓலை ஒரு குவியல். பாதைக்கு மேலே தொங்கிய காவோலைகளையும் அவரே ஏறி இறக்கிவிட்டார். மட்டைகளின் கருக்கைச் சீவியதும் அவர்தான், ஆகவே பிள்ளைகள் தொட்டாலும் கை கிழியாது.

கரண்ட் எங்கிருந்து? சோக் அடிக்காதா?

வீட்டுக் கரண்ட் 230 வோல்ற். அது பனங்கூடலுக்குள் வரவே இல்லை. எல்லாம் 12 வோல்ற் பற்றரி. ஈரக் கையால் தொட்டாலும் சோக் அடிக்கிற அளவு அழுத்தம் அதில் இல்லை. ஆனால் பற்றரியின் இரண்டு முனையையும் ஒரு கம்பி தொட்டுவிட்டால் கம்பி பழுக்கக் காய்ந்துவிடும், காய்ந்த ஓலைக்கு நடுவில் அது விளையாட்டில்லை. ஒவ்வொரு பற்றரிக்கும் ஒரு ஃபியூஸ் இருக்கிறது, பாதை நீளத்துக்கு மண் வாளியும் தண்ணீர் வாளியும் இருக்கின்றன. புகைக்கிறவர்கள் படலைக்கு வெளியே புகைத்துவிட்டு வாருங்கள்.

முதலில் ஒரே பெரிய பற்றரியை வீட்டுத் திண்ணையில் வைத்து எல்லாவற்றுக்கும் வயர் இழுக்கலாம் என்று நினைத்தோம். இழுத்தும் பார்த்தோம். திருக்கை மட்டும் எரிந்தது, கிணற்றடி விளக்கு செத்த மீன் கண் மாதிரி இருந்தது. கணக்குப் போட்டால் காரணம் தெளிவு. ஒரு சதுர மில்லிமீற்றர் செப்பு வயரில் 50 மீற்றர் தூரத்துக்கு 2 அம்பியர் அனுப்பினால், போக வர 100 மீற்றர் வயர், மூன்றரை வோல்ற்றுக்குக் கிட்ட வழியிலேயே கரைந்துவிடும். 12இல் மூன்றரை போனால் மிச்சம் என்ன இருக்கும்? இப்போது ஒவ்வொரு சிற்பத்தின் அடியிலும் 7 அம்பியர் மணி அளவுள்ள ஒரு சின்னப் பற்றரி. சராசரியாகச் சிற்பத்துக்கு 6 வாற். பதினான்கையும் கூட்டினால் 84 வாற், அந்தக் காலத்து 100 வாற் குண்டு பல்ப் ஒன்றை விடக் குறைவு. பகலில் வீட்டுக் கூரையில் இருக்கிற சூரியத் தகட்டில் சார்ஜ் ஏறும். 2022 பங்குனியில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை கரண்ட் வெட்டியதை மறக்காத ஆக்கள் நாங்கள். அந்த நாளிலும் இது எரிந்திருக்கும்.

விளக்கைக் கூட்டிக் குறைக்கிறது தீப்பெட்டியை விடச் சின்னச் சர்க்கியூட் ஒன்று. அதில் ஒரு பாடம் படித்தோம். வெளிச்சத்தைச் சரிபாதி ஆக்கினால் கண்ணுக்கு அது பாதியாகத் தெரியாது, கொஞ்சம்தான் குறைந்ததுபோல இருக்கும். கீழ்மட்டத்தில் ஒரு சிறு மாற்றம்கூடத் துள்ளல் மாதிரித் தெரியும். திருக்கை மூச்சு விடுவதுபோலத் தெரிய, அந்த வேகக் கணக்கைத் திருத்தித் திருத்தியே ஐந்து இரவு போனது.

பாம்பு இருக்குமா?

இது பனங்கூடல். பகலில் துப்புரவாக்கியிருக்கிறோம், பாதையைப் பார்த்து நடவுங்கள், பாதையை விட்டு இறங்காதீர்கள். மூடிய செருப்பு நல்லது.

இரவில் வெளிச்சம் வைத்தால் பூச்சி, வௌவாலுக்குக் கெடுதல் இல்லையா?

சரியான கேள்வி, இதைக் கேட்டது ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளை. கெடுதல் உண்டு. ஆண், பெண் மின்மினிகள் தங்களுக்குள் பேசிக்கொள்வதே வெளிச்சத்தால்தான். சுற்றிவர வெளிச்சமானால் ஒன்றின் சைகை மற்றதுக்குத் தெரியாமல் போகும், இனம் பெருகாது. பூச்சிகளை ஆகக் கூடுதலாக இழுப்பது நீலமும் ஊதாவும். அதனால் எங்கள் விளக்குகளில் வெள்ளையும் நீலமும் இல்லை, எல்லாம் மஞ்சளும் செம்மஞ்சளும் சிவப்பும். ஒரு விளக்கும் வானத்தைப் பார்க்கவில்லை. கிழமையில் நாலு இரவு முழு இருட்டு. இதெல்லாம் செய்தாலும் கெடுதல் பூச்சியம் ஆகிவிடாது. ஒழுங்கைக்குப் புதிதாகப் போட்ட வெள்ளைத் தெருவிளக்குகளின் கீழே காலையில் கிடக்கிற ஈசலையும் ஒருக்கால் கூட்டிப் பாருங்கள் என்று மட்டும் சொல்கிறோம்.

இது வெளிநாட்டில் பார்த்துக் கொப்பி அடித்ததுதானே?

பார்த்தோம், படித்தோம், மறைக்கவில்லை. இங்கிலாந்துக் கலைஞர் புரூஸ் மன்றோ 2016இல் அவுஸ்திரேலியாவின் உலுரு மலைக்கு முன்னால், பாலைவன மண்ணில் 50,000 ஒளித்தண்டுகளை நட்டார். சூரிய சக்தியில் எரிகிற வயல் அது. அந்த எண்ணம் 1992இல் அங்கே போனபோது அவருக்கு வந்ததாம். ஒலாஃபூர் எலியாசன் 2003இல் லண்டன் டேட் மொடேர்ன் மண்டபத்துக்குள் ஒரு சூரியனை உதிக்கவைத்தார். அது முழுச் சூரியன்கூட இல்லை, அரை வட்டம். கூரையில் பதித்த கண்ணாடி மற்றப் பாதியைக் காட்டியது. ஒரே மஞ்சளை மட்டும் விடுகிற விளக்குகள் என்பதால் வந்தவர்களின் சட்டை நிறமெல்லாம் போய், எல்லோரும் மஞ்சளும் கறுப்புமாக நின்றார்கள். இருபது லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் போனார்கள், பலர் தரையில் படுத்துக் கூரையில் தங்களையே பார்த்தார்கள். எங்கள் கிணற்றுக்குள் எழும்பி வருகிற இரண்டாவது விளக்குக்கு அந்தக் கண்ணாடியிடம் கொஞ்சம் கடன் இருக்கிறது.

ஆனால் இதற்கெல்லாம் லண்டனுக்குப் போயா பழக வேண்டும்? தேருக்கு முதல்நாள் சப்பறம் இருட்டுக்குள்ளால் ஆடி ஆடி வருவதை அப்பாவின் தோளில் இருந்து பார்த்த பிள்ளைகள்தானே நாங்கள். விளக்கீட்டன்று வாழைக்குற்றி நட்டு அதன் தலையில் சிட்டி விளக்கு வைக்கிறோம், கோயில் வீதியில் பனையோலை சுற்றிய சொக்கப்பானை எரிகிறது. தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஏறுகிற பட்டங்களில் பறவையும் பாம்பும் மீனும் இருக்கும். பொழுது பட்டபிறகு லைற் கட்டி ஏற்றிய பட்டம் ஒன்று அதில் கட்டிய விண் நார் கூவிக்கொண்டு இருட்டுக்குள் நிற்பதைக் கண்டவருக்கு ஒளிச்சிற்பம் என்றால் என்ன என்று விளக்கத் தேவையில்லை. எங்கள் திருக்கையின் எலும்புக்கூட்டைக் கட்டித் தந்தவரே ஒரு பட்டம் கட்டுகிறவர்தான்.

நடுவில் ஒரு ஜாம் போத்தல் விளக்கு இருக்கிறதே, அது அரசியலா?

அது சிற்பம்கூட இல்லை, ஒரு வீட்டுச் சாமான். 1990இல் யுத்தத்தால் குடாநாட்டுக்குக் கரண்ட் போய்ப் பல வருடம் வரவில்லை. மண்ணெண்ணெய் யானை விலை. ஒரு பழைய ஜாம் போத்தல், அடியில் கொஞ்சம் பஞ்சு, பஞ்சு நனைய மட்டும் எண்ணெய், ஒரு திரி. போத்தலே சிமினி. அந்த வெளிச்சத்தில் ஒரு தலைமுறை சோதனைக்குப் படித்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுழற்றிச் செய்தி கேட்டது. பிளேன் சத்தம் கேட்டால் அந்தத் துளி விளக்கையும் ஊதி அணைத்தது.

அதை வைப்பதா வேண்டாமா என்று எங்களுக்குள்ளேயே இரண்டு நாள் பிரச்சினைப்பட்டோம். எங்களில் நாலு பேர் 2000க்குப் பிறகு பிறந்தவர்கள். அவர்களுக்கு அது ஒரு அழகான பழம்பொருள். எனக்கு அந்த மணம் பிடிக்காது. வைப்போம், ஆனால் எண்ணெய் ஊற்றிக் கொளுத்த வேண்டாம் என்று முடிவானது. உள்ளே இருப்பது சின்ன மின்விளக்கு. இரண்டாவது கிழமை அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் அதற்கு முன்னால் வெகுநேரம் நின்றார். ஏதாவது சொல்வாரோ என்று பக்கத்தில் போனேன். "திரி சரியில்லைத் தம்பி. இவ்வளவு நீளம் விட்டால் புகை பிடிக்கும்" என்றார். அடுத்த நாள் குறைத்துவிட்டோம்.

இருட்டென்றால் பயப்படுகிற பெரியவர்கள் எங்கள் ஊரில் நிறைய. அவர்களோடு வருகிறவர்கள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பாதையில் எந்த இடத்திலும் "வெளியே போக வேணும்" என்று சொன்னால் எங்களில் ஒருவர் வந்து குறுக்கு வழியால் கூட்டிப்போவார். ஏன் என்று யாரும் கேட்க மாட்டோம்.

சின்னப் பிள்ளைகள், சக்கர நாற்காலி?

பிள்ளைகள் தாராளமாக வரலாம், கிணற்றுக்குக் கட்டும் உண்டு, மேலே கம்பி வலையும் உண்டு. சக்கர நாற்காலி ஊமல் தோட்டம் வரை போகும். அதற்கு அங்கால் மணல், சில்லுப் புதைகிறது. பலகை போட்டுப் பார்த்தோம், சரிவரவில்லை. கிணற்றடிக்கு வீட்டுப் பக்கத்தால் ஒரு சீமெந்துப் பாதை இருக்கிறது, படலையடியில் சொன்னால் அந்த வழியால் விடுவோம்.

போனில் படம் எடுக்கலாமா?

எடுக்கலாம், ஃபிளாஷும் ரோச்சும் வேண்டாம். ஒருவர் ஒரு விநாடி ரோச் அடித்தால் சுற்றி நிற்கிற பத்துப் பேரின் கண்ணும் திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டும். போன் வெளிச்சத்தை ஆகக் குறைத்துவிட்டு வாருங்கள். உண்மையைச் சொன்னால், படத்தில் இது ஒன்றும் பெரிதாக வராது.

மழை பெய்தால்?

மாசி, பங்குனியைத் தேர்ந்ததே வாடை மழை ஓய்ந்து, கச்சான் காற்றுக் கிளம்புவதற்கு முந்திய இடைவெளி என்பதால்தான். தப்பித்தவறிப் பெய்தால் பூட்டிவிடுவோம்.

இதை வீட்டில் செய்து பார்க்கலாமா?

ஒரு ஊமல் விளக்கு செய்யுங்கள். பாதி ஊமல் ஒன்றை நன்றாகக் கழுவி மூன்று நாள் வெயிலில் காயவையுங்கள். ஈரம் இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். விளிம்பில் ஒரு துளை, அதற்குள்ளால் மெல்லிய வயர். வெள்ளை விளக்கு வாங்காதீர்கள், மஞ்சள் கேட்டு வாங்குங்கள். விளக்கு கண்ணுக்கு நேரே தெரியக்கூடாது, குழியின் சுவரைப் பார்க்கத் திருப்பி ஒட்டுங்கள். வெளிச்சம் கோதில் பட்டு வர வேண்டும். பிறகு அறையில் மற்ற எல்லா லைற்றையும் நிற்பாட்டிவிட்டு இருபது நிமிடம் பொறுங்கள். இந்தக் கடைசிப் படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

எல்லாம் முடிந்தபிறகு இவை எங்கே போகும்?

விளக்கும் வயரும் பற்றரியும் பெட்டிக்குள், அடுத்த வருடத்துக்கு. ஓலைகள் தோட்டத்துக்குப் பசளையாகப் புதைபடும். இந்த மண்ணுக்குப் பனையோலை தாழ்ப்பது பழைய வழக்கம். ஊமலை ஐயா கரிக்குக் கேட்டிருக்கிறார். திருக்கை யாருக்கு என்பதில்தான் இழுபறி. ஆச்சி தன் கோழிக்கூட்டுக்குக் கூரை என்று முதல் நாளே சொல்லிவைத்துவிட்டார், இரண்டு பள்ளிக்கூடங்களும் கேட்கின்றன. இப்போதைக்கு ஆச்சியின் பக்கம்தான் சாய்ந்திருக்கிறது.